மின் இழைப்புளி: அரை மயிரிழை விலகினால் என்ன ஆகும்?

மழைக்காலம் வந்தால் ரந்தாவ் பக்கத்துத் தோட்ட வீடுகளில் கதவு பிடித்துக்கொள்வது புதிய செய்தி அல்ல. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்புகிறது. நீளவாக்கில் அது மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அதனால்தான் கதவின் உயரம் அப்படியே இருக்க, பூட்டுப் பக்க விளிம்பு மட்டும் நிலையில் உரசி நிற்கிறது.

என் அத்தை வீட்டு மெராந்திக் கதவும் அப்படி மாட்டிக்கொண்டது. தெரிந்தவர் ஒருவரிடம் மின் இழைப்புளியை இரவல் வாங்கி, கதவைக் கழற்றிப் பக்கவாட்டில் நிறுத்தி, விளிம்பை இழைக்க ஆரம்பித்தேன். முதல் ஒன்றரை மீட்டர் வெண்ணெய் போலப் போனது. கடைசி ஐந்து சென்டிமீட்டரில் இயந்திரம் சட்டென்று உள்ளே இறங்கி ஒரு குழியைப் போட்டது. குழியைச் சமன்செய்ய மறுபடி ஓட்டினேன். மற்ற இடம் இறங்கியது. குழியும் கூடவே இறங்கியது. நான்கு முறை ஓட்டிய பிறகு கதவு தாராளமாகச் சாத்தியது. ஆனால் விளிம்பின் ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தது.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா, பல்லாண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர், விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். “என்னப்பா, காயம் போட்டுட்டியே” என்றார். பிறகு இயந்திரத்தைக் காட்டி, “இதுல உளி எவ்வளவு வெளிய நிக்குதுன்னு பார்த்தியா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

‘காயம்’ என்பது வெட்டுக்காரர்களின் சொல். கித்தா மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் அதிகம் இருப்பது உள்பட்டையில், மரத்தை ஒட்டிய பகுதியில். அதற்கும் உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதிய பட்டையையும் புதிய மரத்தையும் உண்டாக்குவது அதுதான். நல்ல வெட்டுக்காரர் பால்குழாய்கள் நிறைந்த இடம் வரை உளியைக் கொண்டுபோவார். கேம்பியத்துக்கு மேலே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைப்பார். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாகப் போனால் கேம்பியம் காயப்படும். அந்த இடத்தில் திரும்ப வளரும் பட்டை கட்டி கட்டியாகப் புடைத்து, சில ஆண்டுகள் கழித்து அங்கே உளி வைக்கவே முடியாமல் போகும். மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் இந்த முறையை வகுத்தவர், 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. ஆனால் அந்த 1 மில்லிமீட்டரை லாபு, லிங்கி, பகாவ் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் நாள்தோறும் காத்தவை நம் பாட்டன் பாட்டிமாரின் மணிக்கட்டுகள்.

மணிக்கட்டுக்கு உணர்ச்சி உண்டு. இயந்திரத்துக்கு இல்லை. அதனால் உளி எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பதை, ஓட்டுவதற்கு முன்பே நாம் அதில் வைத்துவிட வேண்டும்.

இரண்டு தட்டுகளும் ஓர் உருளையும்

கைப்பிடியில் தள்ளும் பழைய இழைப்புளியை நீங்கள் பார்த்திருக்கலாம். கட்டைக்குள் சாய்வாக ஓர் உளி செருகியிருக்கும். இழைப்பு உளி என்பதே இழைப்புளி ஆயிற்று. மலாயில் இதற்குக் கெத்தாம் என்று பெயர். நண்டுக்கும் அதே பெயர்தான். மின்சாரத்தில் ஓடும் கையடக்க வகையை ஜப்பானில் 1958இல் மக்கிதா நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் காணும் இயந்திரங்களில் பெரும்பாலானவை 82 மில்லிமீட்டர் அகலத்துக்கு இழைப்பவை.

அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிய பிறகு, பேட்டரி வகையானால் பேட்டரியைக் கழற்றிய பிறகு). முன்னே ஓர் அடித்தட்டு, பின்னே ஓர் அடித்தட்டு, நடுவில் ஒரு சிறு உருளை. உருளையில் எதிரெதிராக இரண்டு பிளேடுகள். பின் தட்டு அசையாது. முன்கைப் பிடியில் உள்ள குமிழைத் திருகினால் முன் தட்டு மேலே ஏறும், கீழே இறங்கும். குமிழில் 0.5 என்று வைத்தால், முன் தட்டு பின் தட்டைவிட அரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பொருள். வெட்டின் ஆழம் அவ்வளவுதான்.

இனி, இயந்திரம் மரத்தின் மேல் ஓடும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். முன் தட்டு இன்னும் இழைக்காத மரத்தின் மேல் வழுக்கிப் போகிறது. பின் தட்டு இப்போதுதான் இழைத்த புதிய பரப்பின் மேல் வருகிறது. அந்தப் புதிய பரப்பை உண்டாக்குவது பிளேடு, தன் சுழற்சியின் மிகத் தாழ்ந்த புள்ளியில். ஆக, பிளேடின் தாழ்ந்த புள்ளியும் பின் தட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குமிழ், முன் தட்டு எல்லாம் பிறகு. பிளேடைப் பொருத்துவது என்றால் பிளேடைப் பின் தட்டோடு மட்டம் சேர்ப்பதுதான்.

பிளேடு பின் தட்டைவிடத் தாழ்வாக, அதாவது அதிகமாக வெளியே, நின்றால் பின் தட்டுக்குக் கீழே சிறு இடைவெளி இருக்கும். முன் தட்டு மரத்தின் மேல் இருக்கும் வரை அது தெரியாது. முன் தட்டு மரத்தின் முனையைத் தாண்டியதும் பின் தட்டு அந்த இடைவெளிக்குள் இறங்கும். கூடவே பிளேடும் இறங்கும். கடைசியில் குழி. அத்தை வீட்டுக் கதவில் நடந்தது இதுவே.

பிளேடு உள்ளே பதுங்கி நின்றால் கதை வேறு. வெட்டிய பரப்பு பின் தட்டைவிட உயரமாக இருப்பதால், பின் தட்டு அதன் மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது இயந்திரத்தையும் தூக்கும். சில சென்டிமீட்டருக்குப் பிறகு சீவல் மெலிந்து, நின்றே போகும். “பிளேடு மழுங்கிவிட்டது” என்று சொல்லி நல்ல பிளேடைக் கழற்றித் தீட்டுகிறவர்கள் உண்டு. தீட்டத் தீட்டப் பிளேடின் அகலம் இன்னும் குறைந்து நிலைமை மோசமாகும்.

குழி விழுந்தால் பிளேடின் மீதே பழி போடவும் கூடாது. ஆரம்பத்தில் முன்கையை அழுத்தி, முடிவில் பின்கையை அழுத்த வேண்டும். முடிவிலும் முன்கையையே அழுத்தினால் மூக்கு கவிழ்ந்து குழி விழும். சரியாக அழுத்தியும் குழி விழுந்தால்தான் பிளேடைப் பார்க்க வேண்டும்.

7, 24, 25

இரண்டு பிளேடுகள் இருக்கின்றனவே, இரண்டும் ஒரே அளவு வெளியே நிற்க வேண்டுமா? ஒரு மயிரிழை முன்பின் இருந்தால் குடி முழுகிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படிவம் ஒன்றில் படிக்கும் பைத்தாகரஸ் தேற்றம் இதற்குப் போதும்.

சுமையில்லாதபோது உருளை நிமிடத்துக்கு 16,000 சுற்று சுற்றும் ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிளேடு; எனவே நிமிடத்துக்கு 32,000 வெட்டு. இரண்டு மீட்டர் கதவு விளிம்பை அரை நிமிடத்தில் தள்ளி முடித்தால், வேகம் நிமிடத்துக்கு 4,000 மில்லிமீட்டர். 4,000ஐ 32,000ஆல் வகுத்தால் 0.125. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இயந்திரம் முன்னேறும் தூரம் இந்த 0.125 மி.மீ. தான்.

பிளேடின் முனை சுழலும் வட்டத்தின் ஆரம் 25 மி.மீ. என்றும், வெட்டும் ஆழம் 1 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வட்டம் வரையுங்கள். மையத்திலிருந்து நேர் கீழே தாழ்ந்த புள்ளி 25 மி.மீ. தூரத்தில். மரத்தின் பழைய பரப்பு அதற்கு 1 மி.மீ. மேலே, அதாவது மையத்திலிருந்து 24 மி.மீ. கீழே. பிளேடு அந்தப் பரப்பைக் கடந்து வெளியேறும் புள்ளியையும் மையத்தையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். கர்ணம் 25, ஒரு பக்கம் 24. மூன்றாவது பக்கம்? 625இல் 576ஐக் கழித்தால் 49; அதன் வர்க்கமூலம் 7. ஆழம் 1 மி.மீ. தான் என்றாலும், பிளேடு மரத்துக்குள் பக்கவாட்டில் 7 மி.மீ. தூரம் பயணம் செய்கிறது.

சீவலின் தடிப்பு இந்தப் பயணம் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. தாழ்ந்த புள்ளியில் பிளேடு மரத்தை ஒட்டிப் படுத்தவாறு நகர்கிறது. இயந்திரம் முன்னேறிய 0.125 மி.மீ. அங்கே சீவலின் தடிப்பில் சேர்வதே இல்லை. மேலே ஏற ஏற அதன் பங்கு கூடுகிறது. வெளியேறும் இடத்தில் அந்தப் பங்கு 7/25. எனவே மிகத் தடித்த இடத்தில் சீவலின் தடிப்பு 0.125 × 7/25 = 0.035 மி.மீ.

தலைமுடியின் தடிப்பு ஆளுக்கு ஆள் மாறும், ஏறத்தாழ 0.07 மி.மீ. என்று கொள்ளலாம். சீவல் அதில் பாதி. இதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு பிளேடு மற்றதைவிட 0.035 மி.மீ., அதாவது அரை மயிரிழை, உள்ளே தள்ளி நின்றால் அதற்கு வெட்ட மரமே மிஞ்சாது. முந்திய பிளேடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும். பிந்தியது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வேலை செய்யும் பிளேடு இரு மடங்கு தடித்த சீவலைத் தனியாக எடுத்து, சீக்கிரம் மழுங்கும். நீங்கள் இரண்டு பிளேடு வாங்கி ஒன்றைத்தான் பயன்படுத்துகிறீர்கள்!

ஆழத்தை 0.5 மி.மீ. ஆக்கி இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூன்றாம் பக்கம் 5க்கு மிக அருகில் வரும்; சீவல் 0.025 மி.மீ. ஆகிவிடும். மெல்லிய கடைசி ஓட்டத்துக்குப் பிளேடுகள் இன்னும் நெருக்கமாக ஒத்திருக்க வேண்டும். இறுதிப் பரப்பில் ஒரே பிளேடின் தடம் மட்டும் விழுவதற்கு இதைவிடவும் சிறிய வித்தியாசமே போதும்; தொழிற்சாலைகளின் பெரிய இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. நாம் கேட்பது, இரண்டு பிளேடும் உழைப்பையாவது பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே.

பள்ளி அடிக்கோலால் அரை மயிரிழையை அளக்கலாம்

அரை மயிரிழையைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவியும் சொல்ல முடியாது. ஆனால் தச்சர்கள் அதை ஒரு மரத்துண்டால் அளக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த தந்திரம் இது.

இயந்திரத்தைத் தலைகீழாக வைத்து, நேரான, லேசான ஒரு மர அடிக்கோலைப் பின் தட்டின் மேல் படுக்க வையுங்கள். அதன் ஒரு பகுதி உருளைக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கட்டும். பின் தட்டின் விளிம்பு நேராக வரும் இடத்தில் அடிக்கோலில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இப்போது உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். விரலால் அல்ல, ஒரு மரக்குச்சியால் தள்ளி. பிளேடு மட்டத்துக்கு வெளியே நின்றால், அது மேலே வரும்போது அடிக்கோலைத் தொட்டு, சற்றே தூக்கி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், மறுபடி கீழே இறங்கிவிடும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

அந்த நகர்வுதான் விடை. முன்னே வரைந்த அதே முக்கோணம் இங்கேயும் இருக்கிறது. பிளேடு வெளியே நிற்கும் உயரத்தை உ என்று வைத்தால், நகர்வின் பாதியின் வர்க்கம் = 25² − (25 − உ)². இதை விரித்தால் 50உ − உ² வரும். உ மிகச் சிறியது, அதன் வர்க்கம் அதைவிடச் சிறியது, விட்டுவிடலாம். ஆகவே நகர்வைப் பாதியாக்குங்கள், வர்க்கமாக்குங்கள், 50ஆல் வகுங்கள். சந்தேகமாக இருந்தால் பழைய 7ஐப் போட்டுப் பாருங்கள்: 49/50 = 0.98. உண்மையான விடை 1. நாம் விட்டுவிட்ட துண்டு அந்த 0.02தான்.

அடிக்கோல் 3 மி.மீ. நகர்ந்தால்: 1.5 × 1.5 = 2.25, 50ஆல் வகுத்தால் 0.045 மி.மீ. 4 மி.மீ. நகர்ந்தால்: 2 × 2 = 4; வகுத்தால் 0.08 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.035. அதே அரை மயிரிழை! கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அடிக்கோல் முழுதாக 1 மில்லிமீட்டராகப் பெரிதாக்கிக் காட்டிவிட்டது. உங்கள் இயந்திரத்தின் ஆரம் வேறாக இருந்தால் 50க்குப் பதில் அந்த ஆரத்தின் இரு மடங்கைப் போடுங்கள்.

ஒவ்வொரு பிளேடுக்கும் இடது ஓரம், வலது ஓரம் என இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். மொத்தம் நான்கு அளவுகள். நான்கும் ஒன்றாக, தொட்டும் தொடாமலும் இருந்தால் மிக நன்று; இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்வு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அடிக்கோலைத் தொடவே இல்லையென்றால் பிளேடு உள்ளே பதுங்கி நிற்கிறது. ஒரே பிளேடில் இடமும் வலமும் மாறுபட்டால் பிளேடு சரிந்து நிற்கிறது; அகலமான பலகையில் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரு பக்கம் சிறு படி விழும்.

தாத்தா கேட்ட கேள்விக்கு அன்று மாலை இப்படித்தான் பதில் கண்டேன். முதல் பிளேடு இடப்பக்கம் 8, வலப்பக்கம் 7 மில்லிமீட்டர் இழுத்தது. இரண்டாவது இரு பக்கமும் 4. அந்த 8க்கு என்ன பொருள்? 16/50, அதாவது 0.32 மி.மீ. வெளியே. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இயந்திரம் அந்த அளவுக்குக் கீழே விழ இடம் இருந்தது. நான் நான்கு முறை ஓட்டினேன். இரண்டாவது பிளேடோ 0.08இல் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

தூசியும் ஒரு அளவுதான்

இயந்திரத்தோடு வரும் சிறு தகட்டுக் கருவி ஒன்று உண்டு; பட்டறைகளில் கேஜ் என்பார்கள். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்; பழைய இயந்திரம் வாங்கினால் பெரும்பாலும் கூடவே வராது. தீட்டிப் பயன்படுத்தும் எஃகுப் பிளேடு ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அகலத்தில் குறைகிறது. அந்தக் குறைவை ஈடுசெய்யத்தான் கேஜ். பிளேடை அதன் மேல் வைத்து, கூர்விளிம்பை ஒரு பக்க வரம்போடு சரியாக ஒட்ட வைக்க வேண்டும். பிளேடின் மேல் பிடிதகட்டை வைத்து, அதன் குதிகாலை எதிர்ப்பக்க வரம்புக்கு அழுத்தி, இரண்டு சிறு திருகுகளை முடுக்க வேண்டும். இனி குதிகாலுக்கும் கூர்விளிம்புக்கும் உள்ள தூரம் இரண்டு பிளேடிலும் ஒன்றே. அந்தக் குதிகால் உருளையின் பள்ளத்தில் உட்கார்ந்ததும் பிளேடு தானாகவே சரியான உயரத்துக்கு வந்துவிடும்.

தானாகவே வராமல் கெடுப்பது தூசி. பள்ளத்தில் 0.05 மி.மீ. தடிப்புள்ள மரத்தூள் ஒட்டியிருந்தால் பிளேடும் அந்த அளவு வெளியே தள்ளப்படும். அரை மயிரிழை கதையை இப்போதுதான் பார்த்தோம். பழைய பல்துலக்கியால் பள்ளத்தையும் தகட்டையும் சுத்தமாகத் தேய்க்காமல் பிளேடை மாட்டினால் கேஜ் இருந்தும் பயனில்லை. மூடியை வைத்து போல்ட்களை முடுக்கும்போதும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. ஒன்றை மட்டும் இறுக்கினால் தகடு அந்தப் பக்கம் சாயும். மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாம் முடிந்ததும் அடிக்கோலை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இரு முனையும் கூரான கார்பைடு பிளேடுகளைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம், தீட்ட வேண்டியதில்லை. பிடிதகட்டை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், பிளேடைத் திருப்பும்போது மறுபடி அளக்கும் வேலையும் பெரும்பாலும் இல்லை. பள்ளத்தைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் அவற்றுக்கும் உண்டு.

போல்ட் இறுக்கத்தைப் பற்றி இன்னொரு கணக்கு. நிமிடத்துக்கு 16,000 சுற்று, 25 மி.மீ. ஆரம் என்றால் பிளேடின் முனை விநாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 150 கிலோமீட்டர். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கே அனுமதி 110 தான். அந்த வேகத்தில் வட்டமாகச் சுற்றும் ஒவ்வொரு கிராமையும் பிடித்துவைக்கச் சுமார் 70 நியூட்டன் விசை தேவை. 7 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பது போல. பிளேடும் தகடும் சேர்ந்து 30 கிராம் என்று கொண்டால் 210 கிலோ எடை அந்த போல்ட்களை நம்பித் தொங்குகிறது. ஒரு பிளேடு மற்றதைவிட 1 கிராம் கனமாக இருந்தால், அந்த 7 கிலோ இழுப்பு விநாடிக்கு 267 முறை சுற்றிச் சுற்றி இயந்திரத்தை உலுக்கும். பிளேடுகளை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், ஜோடியாகவே தீட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில விநாடிகள் சுற்றும். முழுதாக நின்ற பிறகே இயந்திரத்தைக் கீழே வையுங்கள். பட்டறையில் ஆசிரியரோ பெரியவரோ பக்கத்தில் இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

பால் நின்ற பிறகு

நெகிரி செம்பிலானில் கித்தா மரங்கள் பல தோட்டங்களில் செம்பனைக்கும், நீலாய், சிரம்பான் பக்கங்களில் வீடமைப்புக்கும் இடம்விட்டு மறைந்தன. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். பால் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்துக்கும் அதே மரம்தான் போனது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளும் பிறகு வளர்ந்த தளவாடத் தொழிலும் அந்த விறகை மேசை நாற்காலியாக்கின. அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும் மரம் அது, வண்டும் துளைக்கும். அறுத்ததும் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் தாங்கும். பக்கத்து ஜொகூரின் மூவார் நகரம் இன்று தளவாடத்துக்குப் பெயர்பெற்றது. உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் வெளிர்மஞ்சள் மரம் கித்தாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த மரத்தை இழைப்பவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் பரப்பு பூனை முதுகு போலச் சிலிர்த்துக்கொள்ளும். காரணம், மரம் நின்ற விதம். சாய்ந்து வளரும் அகன்ற இலை மரங்கள் தங்களை நிமிர்த்திக்கொள்ளச் சாய்வின் மேற்பக்கத்தில் இழுவிசை தாங்கும் ஒரு தனி வகை மரத்தை வளர்க்கின்றன. கித்தாவில் இது அதிகம். சாதாரண மரநாரின் சுவரை விறைப்பாக்குவது லிக்னின். இழுவை மரத்தின் நார்களிலோ உள்சுவர் கிட்டத்தட்ட வெறும் செல்லுலோஸ், விறைப்பு இல்லை. மழுங்கிய பிளேடு வந்தால் அந்த நார்கள் வெட்டுப்படாமல் படுத்துக்கொள்கின்றன. பிளேடு போனதும் எழுந்து நிற்கின்றன. உப்புத்தாளால் தேய்த்தாலும் மறுபடி படுத்து எழும்.

பிளேடு கூராக இருந்து, ஆழம் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்து, இரண்டு பிளேடும் பங்குபோட்டு மெல்லிய சீவல் எடுத்தால் பெரும்பாலும் இது அடங்கும். ஒரு பிளேடு சும்மா சுற்றினால் மற்றது தடித்த சீவலை இழுக்கும், நார்களைப் பிய்க்கும். வேறு மரத்தில் கவனிக்காமல் போகும் அரை மயிரிழை இங்கே கைக்குத் தட்டுப்படும். மருந்தேற்றிய மரத்தின் தூள் என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். தோட்டத்திலிருந்து நேரே வந்த பழைய துண்டானால் ஆணி, கம்பி, பால் வடியத் தட்டிவைத்த தகரத் துண்டு ஏதாவது உள்ளே புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் ஒன்று பட்டால், பிளேடு போவது கிடக்கட்டும், தெறிக்கும் துண்டு முகத்துக்கு வரும்.

அத்தை வீட்டு இயந்திரத்தின் பள்ளத்தைத் தேய்த்தபோது கறுப்பாக ஒட்டிப்போன தூள் ஒரு தகடு போலவே பெயர்ந்து வந்தது. இரவல் கொடுத்தவர் பிளேடைத் தீட்டிவிட்டுக் கண்மதிப்பில் மாட்டியிருக்கிறார். கேஜ் இல்லாததால் அடிக்கோலை வைத்து வைத்து, திருகைத் தளர்த்தித் தளர்த்தி, நான்கு அளவும் 2 மில்லிமீட்டருக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் கோடு எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஓட்டத்தில் விழுந்த சீவலை எடுத்து இரு விரலுக்கு நடுவே தேய்த்தவர், “இப்ப சரி. பட்டை சீவின மாதிரி இருக்கு” என்றார்.

கதவு இப்போது சிக்குவதில்லை. வெளிச்சம் தெரிந்த மூலைக்காக, பூட்டுப் பக்க விளிம்பில் 3 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு மரப்பட்டை ஒட்டியிருக்கிறோம். அடுத்த மழைக்கு அது எவ்வளவு உப்பும் என்று பார்க்க வேண்டும்.